ஐந்து வீட்டுப் பெருங்காயம்

ராய்ஸ்டனின் ஐம்பது நாள் மகன் பகல் இரண்டு மணிக்கு அழ ஆரம்பித்தால் ஓய ஆறாகிவிடும். காலை வயிற்றோடு மடக்கி, முகம் தக்காளியாகி, தேயிலைத் தோட்டத்து லய வீட்டுத் தகரக்கூரையின் ஆணி கழன்று விழும்படி அழுவான். இரண்டு ஆணிகளை ராய்ஸ்டனே பொறுக்கி வைத்திருக்கிறான்.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வயிற்றைத் தட்டிப் பார்த்து, காற்றுதான், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். அதுவரை மனைவி வனஸ்ஸா தாங்குவாளா என்பதுதான் அவன் பயம். அவள் தூங்கி நாலு நாளாகிறது. காலையில் தேத்தண்ணியில் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நீங்க யாரு என்று அவனையே கேட்டாள்.

அன்று லோரியை நிறுத்திவிட்டு வந்தபோது தொட்டில் காலியாக இருந்தது. அழுகிற பிள்ளையை லயத்தில் ஒரே வீடு வைத்துக்கொள்வதில்லை. தாய் கொஞ்சம் கண்ணயரட்டும் என்று கைமாற்றி வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். கடைசி வீட்டில் லூர்தம்மாள் பிள்ளையை மடியில் போட்டு, தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்று போட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெயா எட்டிப் பார்த்தாள். "அக்கா, நான் அப்பவே போட்டுட்டேனே."

சசிரேகாவும் போட்டிருந்தாள். மலரும் யுவனேஸ்வரியும்கூட. முந்தின வீட்டுப் பற்றை அழுக்கென்று துடைத்துவிட்டு ஒவ்வொருத்தியும் புதிதாகப் பூசியிருக்கிறாள்.

"அஞ்சு வீட்டுக் காயமாக்கா?" என்றான் ராய்ஸ்டன்.

அந்த நொடியில் அழுகை நின்றது. பிள்ளையின் வயிறு மத்தளமாக எழும்பியது. ராய்ஸ்டன் குனிந்து காதை வைத்தான். உள்ளே ஒரு லோரி ரிங்லெட் மலைப்பாதையில் மேடு ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு காற்று பிரிந்தது.

எதிர்மேட்டில் கொழுந்து வெட்டிய பங்களாதேஷ் ஆட்கள், வேலை முடிந்த சங்கென்று மெஷினை அணைத்துவிட்டு மூட்டையோடு நிறுவைக்கு இறங்கினார்கள். கங்காணி முருகையா மணி பார்த்தார். மூன்றுதான் ஆகியிருந்தது. கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு அவரும் இறங்கினார்.

பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

அழுகை கேட்காத பயத்தில் வனஸ்ஸா வெறுங்காலோடு ஓடிவந்தாள். ராய்ஸ்டன் விரலால் காட்டினான். அவள் பிள்ளையின் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"யாரும் மூச்சு விடக்கூடாதுலா, சொல்லிட்டேன்" என்றாள்.

யாரும் விடவில்லை. பதினொரு நிமிடம் என்கிறாள் லூர்தம்மாள். ராய்ஸ்டன் பன்னிரண்டு என்று சாதிக்கிறான். வனஸ்ஸாவைக் கேட்டுப் பயனில்லை. முதல் நிமிடத்திலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.