சிவப்பு டின் மீன்

கப்பலேறி வந்த புதிதில் மாப்பிள்ளைக்கு எதைத் தின்றாலும் ஈரத்துணியை மென்ற மாதிரி இருந்தது. அவனை முதலில் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது மனைவியின் அண்ணன். பிறகு அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்குமே அவன் மாப்பிள்ளையாகிவிட்டான். அந்தக் கடையின் மேல்தட்டில்தான் ஒருநாள் அதைப் பார்த்தான். சிவப்பு டின், துள்ளும் மீன், கீழே கொட்டை எழுத்தில் தமிழ். தக்காளிச் சாற்றில் ஊறிய, அவன் சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்த அதே அயிலை. கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. வீட்டில் மனைவி மூடியை நக்கப்போய் நாக்கைக் கிழித்துக்கொண்டாள், அதற்கும் சிரித்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அவனுக்கு வேலையே மீன் டின் தொழிற்சாலையில்தான். தலையை வெட்டு, வாலை வெட்டு, அடுத்ததை எடு. நசுங்கிய டின்களை லேபிள் இல்லாமல் வாசலில் ஒரு பெட்டியில் போட்டிருப்பார்கள், வேலைக்காரர்கள் சும்மாவே எடுத்துப் போகலாம். மாப்பிள்ளை தொட்டதில்லை. இலவசத்தை வேண்டாம் என்று சொன்னவன் அவன் வம்சத்திலேயே அவன் ஒருவன்தான்.

"இந்த ஊர் மீன்ல என்ன இருக்கு? நம்ம கடல் உப்பு வருமா?" என்பான். மச்சான் தலையாட்டுவார்.

தலையாட்டியதோடு நிற்கவில்லை. சொந்த ஊர் மொத்த வியாபாரியிடம் பேசி, ஒரு கன்டெய்னர் நிறைய சிவப்பு டின்னுக்குச் சொல்லிவிட்டார். தங்கையின் வளையல்களை விற்ற பணமும் அதில் போய்விட்டது. சரக்கு கடலில் வந்துகொண்டிருந்தது.

"வேலையை விட்டுட்டு வா மாப்ள. இதை விக்க ஒரு புதுக்கடை போடறேன், அதுல நீதான் உக்காரணும். இன்னைக்கு டீ குடிக்க விடும்போது சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு."

சொல்லத்தான் போயிருப்பான். அன்று காலை லேபிள் ஒட்டும் பக்கம் ஒருத்தனுக்குக் காய்ச்சல். டீ நேரத்தில் பேசணும் என்று மட்டும் சொல்லிவைத்த மாப்பிள்ளையை சூப்பர்வைசர் அங்கே தள்ளிவிட்டார். அந்தப் பக்கம் நிற்பது நம்ம ஊர்ப் பெண்மணி, லேபிள் அக்கா என்று பெயர்.

"ரோல் தீர்ந்துபோச்சு தம்பி. அந்தக் கட்டைப் பிரிச்சு மாட்டு."

பிரித்தான். சிவப்பு. துள்ளும் மீன். கொட்டை எழுத்தில் தமிழ்.

பேய் அறைந்தவன் மாதிரி நின்றான். கையில் ரோல், எதிரில் அவனே வெட்டிய மீனை அடைத்த மொட்டை டின்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வியாபாரிக் குடும்பத்தில் பெண் எடுத்த மூளை, அதற்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். எட்டி மெஷினை நிறுத்தும் பொத்தானை அடித்தான். பெல்ட் நின்றது. டின்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உருண்டன.

"அக்கா, போலிக்கா. நம்ம லேபிளைத் திருடி அடிச்சிருக்கானுங்க."

"எவன் திருடினான்? நம்ம ஊர்க்காரன்தான் லேபிளை அனுப்பறான், ஒட்டின டின்னைக் கப்பல்ல வாங்கிக்கிறான். நான் சேர்ந்த நாள்லேருந்து இதான் ஒட்றேன்."

லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரலால் காட்டினாள். எறும்பு மாதிரி எழுத்து. தயாரித்த நாடு: அவன் நின்றுகொண்டிருந்த நாடு.

மச்சான் மிளகை முகர்ந்தே அதில் கலந்த பப்பாளி விதையைச் சொல்கிறவர். டின் வந்தால் தேதி பார்ப்பார், நசுங்கல் பார்ப்பார், மூடி உப்பியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். இந்த ஒரு வரியை அவரும் பார்த்ததில்லை, இவனும் பார்த்ததில்லை. நம்ம டின்னுக்கு ஊர் எதற்குப் பார்க்க வேண்டும்? இவன் வெட்டிய மீன் கடல் தாண்டி, அங்கே குடோனில் படுத்துத் தூங்கி, திரும்பவும் கடல் தாண்டி இவன் தட்டுக்கு வந்திருக்கிறது.

மச்சானுக்குப் போனைப் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"பக்கத்துல யாரு இருக்கா?" என்றார் மச்சான்.

"லேபிள் அக்கா."

"தமிழா?"

"ஆமா மச்சான்."

"போச்சு. அப்ப ஊருக்கே தெரிஞ்சிருக்கும். கன்டெய்னரைக் கடல்லயே கொட்டிட்டு வரச் சொல்லவேண்டியதுதான்."

போன் சத்தம் அக்காவுக்கும் கேட்டிருந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு தம்பி. எவன் நம்பினான்? எங்க வீட்டுக்காரரே நம்பல. இங்கேருந்து நான் கொண்டுபோற மொட்டை டின்னைத் தொடமாட்டாரு. வாய் நாறுதும்பாரு. உங்க மச்சான் கடையில வாங்கினாத்தான் சோறு இறங்கும்."

போனுக்குள் மச்சான் உயிர் பெற்றார். "கேட்டியா மாப்ள? அப்ப சரக்கு போகும். நீ கவலைப்படாம வேலையை விட்டுட்டு வா."

மாப்பிள்ளைக்கு முதல் அதிர்ச்சியே இன்னும் இறங்கவில்லை, இது அதைவிடப் பெரிதாக இருந்தது. பெண்டாட்டி கையால் ஒட்டியதைப் பெண்டாட்டி சொல்லியே நம்பாத ஆட்களை நம்பியா வளையல் கடலில் மிதக்கிறது? என்றைக்காவது ஒருத்தன் அந்த எறும்பு எழுத்தைப் படித்துத் தொலைத்தால்?

பெல்ட் நின்றதைப் பார்த்து சூப்பர்வைசர் வேகமாக வந்தார். ஏதோ பேசணும் என்றாயே, என்ன என்று கேட்டார். போனுக்குள் மச்சான், "சொல்லு, சொல்லு" என்று அவசரப்படுத்தினார்.

மாப்பிள்ளை போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். அந்த ஊர் பாஷையில் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைக் கூட்டிச் சேர்த்து, நாளைக்கும் வேலைக்கு வந்து இங்கேயே நிற்கட்டுமா என்று கேட்டான்.