தேஜ் குருங்கின் இடது கை

என் அறைக்குள் சிரித்துக்கொண்டே வருகிற விமானியை நான் நம்புவதில்லை. காட்மாண்டு விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த மருத்துவ மையத்தில் இருபத்திரண்டு வருடங்களாக இரத்த அழுத்தம் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே நடுங்குகிறவர்கள்தான். கேப்டன் தேஜ் குருங் போன புதன்கிழமை காலை சிரித்துக்கொண்டே வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தானாகவே இடது கைச் சட்டையைச் சுருட்டினார், ஸ்டூலில் உட்கார்ந்து மகளுக்குப் போக்ராவில் வேலை கிடைத்த கதையைச் சொல்லத் தொடங்கினார். ஐம்பத்து நான்கு வயது மனிதர். இதே ஸ்டூலில் உதடு உலர்ந்து உட்கார்ந்து சுவரிலிருக்கும் காலண்டரை வெறிப்பதைத்தான் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

மேகத்துக்குள் மலையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஓடுதளத்தில் விமானத்தை இறக்கிவிட்டு இறங்கி டீ குடிக்கிற ஆட்கள் இவர்கள். என் கையிலிருக்கும் துணிப்பட்டையைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போவார்கள். எண் வரம்பைத் தாண்டினால் பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்ப்பேன். மூன்று முறையும் தாண்டினால் மூன்று நாள் பறக்கக் கூடாது, திரும்ப வர வேண்டும். அப்படியே தொடர்ந்தால் உரிமம் போய்விடும். அதனால் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் ஒரு வாரம் பீட்ரூட் சாறாகக் குடித்துவிட்டு வருவார். ஒருவர் பூண்டு மென்று வந்து என்னை மூச்சுத் திணற வைப்பார். இன்னொருவர் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் இருபது ஏறுகிறது என்று கெஞ்சியதால் அவருக்காக மட்டும் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வேன். எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் வரும்.

எங்கள் டாக்டர் ஆசார்யாவுக்கு மின்சாரக் கருவிகள் மேல் நம்பிக்கை கிடையாது. பாதரசக் கருவியும் ஸ்டெதஸ்கோப்பும்தான். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு எனக்கு ஆட்களைக் காதால் அடையாளம் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினால்கூட யார் என்று பாதிப் பேரைச் சொல்லிவிடுவேன். கேப்டன் நோர்பு லாமாவின் துடிப்பைக் கேட்ட யாருக்கும் மறக்காது. நான்கு அடி ஒழுங்காக விழும், ஐந்தாவது விழாது, அதற்கடுத்தது கொஞ்சம் கனமாக விழும். இதய டாக்டர்கள் பார்த்துவிட்டு ஆபத்தில்லாத வகை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அஞ்சாவது கொஞ்சம் நின்னு ஒரு டீ குடிச்சிட்டு வருது தீதி, நீங்க அவசரப்படாதீங்க" என்பான். தீதி என்றால் அக்கா; என் தம்பி வயது அவனுக்கு. அழுத்தம் எப்போதும் நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. பயம் என்றால் என்னவென்று தெரியாத இரத்தம்.

தேஜுக்கு வைத்தியம் நோர்புதான். அவருக்குச் சோதனை என்றால் இவனும் கூட வந்து அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து எதையாவது உளறிக்கொண்டிருப்பான். தேஜ் சிரித்துவிடுவார், எண் இறங்கிவிடும். கூட ஆள் இருக்கக் கூடாது என்பது விதி, நான் கண்டுகொள்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில் ஒருநாள் நோர்பு பல்வலி என்று பல் டாக்டரிடம் போயிருந்தான். தேஜ் தனியாக வந்தார். நூற்று எழுபத்திரண்டு. பத்து நிமிடம் கழித்து நூற்று எழுபது. மூன்றாவது முறை நூற்று அறுபத்தெட்டு. இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள், நோர்பு வந்துவிடுவான் என்று கேட்டார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள், எனக்குப் பசி. எழுதிவிட்டேன். மறுநாள் காலை தாராகோட் என்ற மலை ஊருக்குப் போகும் அவருடைய விமானத்தை அவருக்குப் பதிலாக நோர்பு எடுத்துக்கொண்டு போனான். மேகத்துக்குள் மலை இருந்தது. பதினாறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

நான் கேட்டதைத்தான் எழுதினேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, தேஜும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் சாப்பிட்ட சோறு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஒரு வருடம் பறக்காமல் இருந்துவிட்டு தேஜ் மறுபடி சோதனைக்கு வந்தார். பக்கத்து ஸ்டூலை நான் முன்கூட்டியே எடுத்து மூலையில் போட்டிருந்தேன். அவர் எழுந்து போய் அதைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். பட்டையைக் கட்டினேன். மணிக்கட்டில் விரல் வைத்தபோது நாடி தறிகெட்டு ஓடியது, நிமிடத்துக்கு நூற்றுப் பத்துக்குக் குறையாது. இவர் தேற மாட்டார் என்று நினைத்துக்கொண்டே காற்றை அடித்து, மெல்ல இறக்கினேன். நூற்று எழுபதில் சத்தமில்லை. நூற்று ஐம்பதில் இல்லை. நூற்று முப்பதிலும் இல்லை. நூற்றுப் பதினெட்டில் முதல் அடி கேட்டது, அவசரமே இல்லாமல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது விழவில்லை. பிறகு கனமாக ஒன்று.

என் விரலுக்கடியில் தேஜின் நாடி அதே நேரம் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கையில் விரலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. டாக்டர் ஆசார்யாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு, அருமை என்று சொல்லிவிட்டு, என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் எண்ணை மட்டும் கேட்கிறவர். நான் அதையே எழுதினேன். எட்டு மூன்று போல விழுந்தது, அடித்துத் திருத்தினேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறையும் அதேதான். அன்று போகும்போது தேஜ் கதவருகே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுது இல்ல, தீதி?"

நான் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"கண்ண மூடினா வந்து உக்காந்துக்கிறான். எதுவும் பேச மாட்டேங்கிறான். முன்னயெல்லாம் வாய் ஓயவே ஓயாது."

அவரைப் பறக்க விடலாமா என்று அன்றிரவெல்லாம் யோசித்தேன். என் நாடி பயப்படுகிறது, என் அழுத்தம் செத்தவனுடையது என்று ஒருவரும் புகார் எழுதப் போவதில்லை. அவர் ஒழுங்காகத்தான் பறந்தார். ஒரு கீறல் விழவில்லை. நானும் அப்படியே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோர்புவின் துடிப்பைக் கேட்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அவன் என்மேல் கோபமாக இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை தேஜ் கண்களை மூடவில்லை. பக்கத்து ஸ்டூலைத் தானே காலால் மூலைக்குத் தள்ளினார்.

"இனிமே அவனக் கூப்பிட வேணாம்னு விட்டுட்டேன் தீதி. பாவம், எத்தன நாளைக்குத்தான் என் வேலைய அவன் பாப்பான்? இப்ப எனக்கு நல்லாத் தூக்கம் வருது. பாருங்க, கையி நடுங்குதா?"

நடுங்கவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்தேன். அறுபத்து நான்கு. ஒழுங்காக, ஒன்றுகூடத் தவறாமல். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இந்த ஒரு தடவையாவது அவருடைய எண்ணையே எழுதலாம் என்று காற்றை அடித்து, பாதரசத்தை இறக்கினேன்.

நூற்று எழுபத்தெட்டில் அடித்தது. மெல்லத் தொடங்கவில்லை, உள்ளேயிருந்து யாரோ கதவை இடிப்பது போலத் தொடங்கியது. நான்கு வேகமான அடி, ஒரு இடைவெளி, ஒரு கனமான அடி. மறுபடி நான்கு. பதினொரு வருடம் உயிரோடும் ஒரு வருடம் செத்தும் அவனைக் கேட்டிருக்கிறேன், ஒருமுறைகூட அவன் இப்படி ஓடியதில்லை. என் விரலுக்கடியில் தேஜின் நாடி ஆடாமல் அசையாமல் அறுபத்து நான்கிலேயே இருந்தது. அவர் மகளுக்குப் போக்ராவில் வீடு தேடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் உட்காரச் சொன்னேன். மறுபடி எடுத்தேன், நூற்று எண்பது. வலது கையில் எடுத்தேன், அதே. நோர்பு பயந்துபோயிருந்தான். செத்தவன் எதற்குப் பயப்படுவான்?

நாளைக்கு எங்கே என்று தேஜிடம் கேட்டேன். தாராகோட், காலை முதல் விமானம் என்றார். வானிலை எப்படி என்று கேட்டேன். மழை விட்டுவிட்டது, ஒரு வாரமாகக் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"எவ்வளவு வருது தீதி? நெசமாவே எனக்குப் பயமா இல்லயே."

"நீங்க போகலன்னா யாரு போவாங்க, கேப்டன் சாப்?"

அவர் என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இப்ஸா" என்றார்.

இப்ஸா ராய் வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். முப்பத்தொரு வயது, போன வருடம்தான் கேப்டன் ஆனவள். அவளும் அன்று சோதனைக்கு வந்திருந்தாள். அவள் யாரிடமோ பேசிச் சிரிப்பது கதவு வழியாகக் கேட்டது. நூற்று எண்பது என்று நான் எழுதினால் தேஜ் வீட்டுக்குப் போவார், அவள் போவாள். அறுபத்து நான்கை நம்பி வேறு எண் எழுதினால் இவர் போவார். விமானத்தையே நிறுத்தச் சொல்லலாம். யாரிடம்? வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு நர்சின் காதில் விழுந்ததற்காகப் பதினாறு இருக்கை விமானத்தை யார் நிறுத்துவார்கள்? உள்ளறையிலிருந்து டாக்டர் எண்ணைக் கேட்டுக் குரல் கொடுத்தார். பாதரசம் அடியில் இறங்கிவிட்டது, பட்டையில் துளிக் காற்று இல்லை. காற்று போனால் சத்தமும் போய்விட வேண்டும். போகவில்லை. காதுக்குள் இடித்துக்கொண்டேயிருந்தது.

"என்ன செய்யணும்கிறான்?" என்று தேஜ் மெதுவாகக் கேட்டார். அவர் கை என் கைக்குள் இருந்தது, நாடி இன்னமும் மாறவில்லை.

கதவு கொஞ்சம் திறந்தது. இப்ஸா தலையை நீட்டினாள்.

"ரொம்ப நேரமாகுதா தீதி? அடுத்து நான்தான?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தாள். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து தேஜின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சட்டையைச் சுருட்டி, இடது கையை என் மேசைமேல் நீட்டி வைத்தாள். மணிக்கட்டைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு கடிகாரம் வரைந்திருந்தது. வட்டம் கோணல், எண்கள் பன்னிரண்டும் இருந்தன. நான் அதையே பார்ப்பதைக் கண்டு சிரித்தாள்.

"எம் பையன் வேல தீதி. முள்ளு இன்னும் போடல. நாளைக்கு நான் வீட்டுக்கு வந்ததும் போட்டுத் தர்றேன்னிருக்கான்."