இலையில் வைத்த சோறு

மேட்டூர் அணை திறந்த மூன்றாம் நாள் தரைப்பாலம் முங்கியது. காவிரிக்கு நடுவே இருக்கும் அந்தத் திட்டில் நாற்பத்திரண்டு வீடுகள். கரைக்குப் போக அந்தப் பாலம் ஒன்றுதான் வழி. குப்பை வண்டி நின்றது. பாக்கெட் பால் நின்றது. தெருவுக்குப் பால் ஊற்றும் சின்னுசாமியின் மாட்டுக்கு வரவேண்டிய தீவனமும் நின்றது.

பத்து நாளில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குப்பை இடுப்புயரம் ஏறிவிட்டது. பன்னிரண்டு நாய்கள் அதன்மேலேயே குடியிருந்தன. கோழிக்குடலையும் டயப்பரையும் தெருவெல்லாம் இழுத்துப் போட்டன. திங்கள்கிழமை சௌந்திரத்தின் மகள் தனப்பிரியாவை மூன்று நாய்கள் வாசல்வரை துரத்தின. ஒன்று பாவாடையைக் கிழித்தது. பல் படவில்லை. பட்டிருந்தால் ஊசிக்கு அக்கரை போகத் தீயணைப்புப் படகைத்தான் கூப்பிட வேண்டும்.

சௌந்திரத்தின் புருஷன் குணசீலன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில் இருந்தான். "புள்ளைய வெளிய உடாத" என்று போனில் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் தெரு அடங்கியிருந்தபோது, வாழைக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்து மிச்சமிருந்ததை சௌந்திரம் எடுத்தாள். கறிக்குழம்பு ஊற்றிய சோற்றில் பிசைந்தாள். சோற்றை வெறுந்தரையில் கொட்டும் வழக்கம் அவள் வீட்டில் இல்லை. காக்கைக்கு வைத்தாலும் இலையில்தான். கைப்பழக்கத்தில் ஒரு வாழையிலையைக் கிழித்து, அதில் சோற்றைப் போட்டுக் குப்பைமேட்டு ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தாள். சோறு இல்லை. நாய்கள் பன்னிரண்டும் வாலாட்டிக்கொண்டு நின்றன.

இலையும் இல்லை.

நாய் இலையைத் தின்னாது. வீட்டுக்கு ஓடிவந்தாள். கேட்டில் சின்னுசாமி பால் கேனோடு நின்றார்.

"ஏனுங் அம்மணி, எங்க போயிட்டீங்க? பாத்திரம் கொண்டாங்க. உங்க ஊடுதான் கடைசி."

"மாமா, மாட்டைக் கட்டியா வெச்சிருந்தீங்க?"

"தீவனமில்லாம கட்டி வெச்சு என்ன பண்றது? அவுத்து உட்டுட்டேன். உங்க குப்பையில பாதி அது வயித்துலதான் போகுது. பேரூராட்சிக்காரன் எனக்குச் சம்பளம் கொடுக்கோணும்." சிரித்தார். "இன்னைக்கு என்னமோ வாயில நுரை தள்ளுது. வெயிலு போல."

தனப்பிரியா டம்ளரோடு ஓடிவந்தாள். சௌந்திரம் அதைத் தட்டிவிட்டாள்.

சொன்னால் தெருவே அவளைக் கிழித்துவிடும். போலீஸ் வரும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தது அவளுக்கே தெரிந்தது.

"பாலை யாரும் குடிக்கக் கூடாது மாமா. நான் நாய்க்கு மருந்து வெச்சேன். உங்க மாடு தின்னுருச்சு."

சின்னுசாமியின் கையிலிருந்து கேன் நழுவியது. "அடிப்பாவி" என்றார். அதற்குள் அவள் ஓடியிருந்தாள்.

கத்திக்கொண்டே ஓடினாள். எதிர்ப்பக்கம் சின்னுசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். சில வீடுகளில் பால் அடுப்பில் இருந்தது. சில வீடுகளில் காபி ஆறிக்கொண்டிருந்தது. எல்லாம் சாக்கடைக்குப் போனது. பதினேழாம் வீட்டில் உஷாராணி கதவைத் திறந்தாள்.

"பையனுக்குக் கொடுத்துட்டனே அக்கா. குடிச்சுப்போட்டு இப்பத்தான் கண்ணசந்தான்."

பையனுக்கு ஒரு வயது. தொட்டிலில் கிடந்தான். தூக்கமா வேறெதுவுமா என்று பார்த்துச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. சௌந்திரம்தான் கையை விட்டு உலுக்கினாள். இரண்டு முறை உலுக்கினாள். மூன்றாம் முறை அவன் முகம் சுளித்து வீறிட்டான்.

தீயணைப்புப் படகு வர ஒரு மணி நேரமாகும் என்று போனில் சொன்னார்கள். அதுவரை தூங்க விடாதீர்கள் என்றார்கள்.

வாசலில் கூட்டம் சேர்ந்தது. யாரும் சௌந்திரத்தைத் திட்டவில்லை. அவள் பக்கத்தில் நிற்கவும் இல்லை. சின்னுசாமியின் கொட்டகையில் மாடு அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது.

பையனின் அழுகையும் தேய்ந்துகொண்டே வந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகியது. அது எப்போதும் ஒழுகுகிற எச்சிலா என்று உஷாராணி துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு அவன் தொடையைக் கிள்ளினாள்.

அவன் அழுதான். தெரு மூச்சு விட்டது.

மறுபடியும் அழுகை இறங்கியது. உஷாராணி தொடைவரை கொண்டுபோன கையை இழுத்துக்கொண்டாள். "என்னால முடியல" என்று சௌந்திரத்தைப் பார்த்தாள்.

சௌந்திரம் பையனை வாங்கிக் கிள்ளினாள். ஆற்றின் பக்கம் காதை வைத்துக்கொண்டு, மறுபடியும் கிள்ளினாள்.