ஏழாம் இலக்கப் பாதை

ஓடும் பஸ்ஸின் மணியை இராஜேந்திரன் நான்காவது தடவையாக அழுத்தினான். டிரைவர் கண்ணாடிக்குள்ளால் முறைத்தார். ஹோ ஸ்ட்ரீட் தரிப்பில் கதவு பாதி திறந்ததும் பக்கவாட்டில் நழுவி இறங்கி, சிவப்பு விளக்கையும் ஒரு பால் வண்டியையும் சட்டை செய்யாமல் வீதியைக் கடந்து, மெற்றில்டாவின் பலசரக்குக் கடைக்குள் புகுந்தான். இரவு ஷிப்ட் முடிந்து வருகிற ஆள். பெற்றோல் ஷெட் சீருடை இன்னும் உடம்பில் இருந்தது. கையில் கசங்கிய ஒரு தாள்.

சுவர் மணிக்கூட்டில் ஏழு இருபது. ஸ்பெயினில் எட்டு இருபது. சேஷாத்ரி எட்டரைக்கு ஓடத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தான்.

பத்து நிமிடம்.

"ஒரு போன் காட் தாங்கோ. ஸ்பெயினுக்கு. கெதியா."

"எனக்கு எப்ப தொடக்கம் இந்த மரியாதை?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றவள் அவன் மனைவி கனகாம்பிகை. சனிக்கிழமைகளில் கடையைத் திறப்பது அவள்தான் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தான். அந்த நேரத்தில் வால்தம்ஸ்டோவில் போன் காட் விற்கிற கடை வேறெதுவும் திறந்திருக்கவில்லை.

"சேஷாத்ரிக்கு அடிக்க வேணும். மலையிலை ஓடப் போறான். பாதை பிழை."

"அவர் ஹொலிடே போன மனிசன். நீங்கள் ஏன் பதறுறியள்?"

அவன் காட்டின் சாம்பல் பூச்சை வீட்டுக் கதவின் திறப்பால் சுரண்டத் தொடங்கினான்.

சேஷாத்ரி சென்னைக்காரன். கனரி வார்ஃபில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நான்கு வருடமாக ஞாயிறு காலைகளில் இராஜேந்திரனோடு எப்பிங் காட்டில் ஓடுபவன். தார் வீதியில் ஓடுவது பாவம் என்று நினைக்கிற சாதி இருவரும். சேறும் வேரும் வேண்டும். இந்த 2006 ஒக்ரோபரில் சேஷாத்ரிக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. பிரனீஸ் மலையின் ஸ்பெயின் பக்கத்தில், ஒலார்பே என்ற ஊரைச் சுற்றிய காடுகளில் பன்னிரண்டு ஓட்டப் பாதைகள் இருப்பதாக இணையத்தில் கண்டு, பட்டியலை அச்சடித்து, ஒரு பிரதியை இராஜேந்திரனிடமும் கொடுத்துவிட்டுப் போனான். "சனிக்கிழமை ஏழாம் நம்பர் ஓடறேன். நீங்க பெட்ரோல் ஊத்திக்கிட்டே பொறாமைப்படுங்க."

ஊரின் பெயரைக் கேட்டதுமே இராஜேந்திரன் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். இரண்டு நாள் திறக்கவில்லை. இன்று காலை பஸ்ஸில்தான் திறந்தான். எவனோ ஓட்டக்காரன் எழுதியிருந்தான், ஏழாம் இலக்கம்: பதினெட்டு கிலோமீற்றர், பீச் மரக்காடு, இடையர்கள் வைத்த பழைய மஞ்சள் பொட்டுகளைப் பின்தொடரவும். பிளந்த பாறை வந்ததும் பொட்டுகள் இடப்பக்கம் தொடர்கின்றன. மழை பிடித்ததால் நான் அங்கே திரும்பிவிட்டேன். ஆனால் அதுதான் பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழியாக இருக்க வேண்டும்.

இருக்க வேண்டுமாம். எழுதியவன் போய்ப் பார்க்கவில்லை. இடப்பக்கம் பாதையே கிடையாது. முப்பது அடி போனால் தரை முடிந்துவிடும்.

கடைப் போனில் காட்டின் இரகசிய இலக்கத்தை ஒருமுறை பிழையாக அழுத்தினான். மறுமுறை சரி. சேஷாத்ரியின் மொபைல் அணைந்து கிடந்தது. ஓடும்போது போனைச் சுமக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. தாளின் அடியில் விடுதியின் இலக்கம் இருந்தது. அழுத்தினான். மணி ஏழு இருபத்தொன்பது.

யாரோ எடுத்தார்கள். இராஜேந்திரன் ஆங்கிலத்தில் தொடங்கினான். மறுபக்கம் ஒரு கரகரத்த ஆண் குரல், "நோ இங்கிலீஷ்," என்றது. மறுபடியும் சொன்னான். மறுபடியும் "நோ." வைக்கப் போகிறார் என்று மூச்சிலேயே தெரிந்தது.

கனகாம்பிகை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கமிருந்து சுட்ட பாண் ரொட்டித் தட்டோடு மெற்றில்டாவும் வந்து நின்றாள்.

இராஜேந்திரன் கண்ணை மூடினான். வாயிலிருந்து ஸ்பானிஷ் வந்தது.

தட்டுத்தடுமாறி அல்ல. பதினைந்து வருடம் பூட்டிக் கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் துருவும் பிறகு தண்ணீரும் வருமே, அப்படி. இரண்டு வசனத்துக்குள் அவன் தோளும் கையும்கூட வேறொருவனுடையதாக ஆடத் தொடங்கின. மெற்றில்டா பாண் தட்டைக் கீழே வைத்தாள்.

மறுமுனையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு அந்தக் கரகரத்த குரல் மெதுவாகக் கேட்டது.

"ராக்கா? பாண் தூக்கி ஓடுகிற ராக்காவா?"

"ஓம், பாச்சி. நான்தான்."

"செத்துப்போனாய் என்றல்லவா நினைத்தேன்."

"பிறகு திட்டு. உன் விடுதியில் ஒரு இந்தியன் இருக்கிறானே."

"பதினைந்து நிமிடத்துக்கு முன் ஓடிப்போய்விட்டான். பொறுமையில்லாத மனிதன்."

"வானம் எப்படி?"

"மூடுபனி. என் ஜீப்பே எனக்குத் தெரியவில்லை."

இராஜேந்திரன் தாளை மேசையில் விரித்தான். பிளந்த பாறை, இடப்பக்கம், மரம் ஏற்றும் வீதியால் போனால் குறுக்கே மறிக்கலாம் என்று மளமளவென்று சொன்னான். பாச்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடையின் இலக்கத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். போனை வைத்தார்.

ஏறுகிற ஆள் பாறைக்குப் போக ஐம்பது நிமிடம். ஜீப்புக்கு அரை மணி. கணக்குச் சரியாகத்தான் இருந்தது, பனி விட்டால்.

"மாஸ்கோவிலை ஸ்பானிஷ்தான் கதைக்கிறவையோ?" கனகாம்பிகை கேட்டாள்.

கொழும்பு, மாஸ்கோ, ஹீத்ரோ. அவனுடைய அகதிக் கேஸில் எழுதியிருந்தது அதுதான். 'இடையில் வேறொரு நாட்டில் நின்றேன் என்று மூச்சு விட்டாலும் அங்கேயே திருப்பிவிடுவான், ஒருத்தருக்கும் சொல்லாதே' என்று லோயர் சொல்லியிருந்தார். ஒருத்தருக்கும் என்றால் ஒருத்தருக்கும்தான் என்று எடுத்துக்கொண்டான். நேர்முகத்தில் சொன்னதையே பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னான். கலியாணம் முடிந்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், பிரிட்டிஷ் பாஸ்போட்டும் வந்தது. கேஸ் மட்டும் முடியவில்லை.

"ஸ்பெயினிலை பதினொரு மாசம் நிண்டனான்."

"பிள்ளையளுக்கு நீங்கள் சொல்லுற மாஸ்கோப் பனி?"

"அது ஸ்பெயின் பனி."

"அந்தச் செம்புக் கலர் காடு?"

"அதுவும் ஸ்பெயின்."

"ஆறு மணித்தியால ட்ரான்சிற்றிலை ஒரு மனிசன் எப்பிடிக் காடு பாத்தான் எண்டு நான் ஒருநாளும் கேட்கேல்லை. என்ரை விசர்."

மெற்றில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று கோப்பை தேநீர் கொண்டுவந்தாள். "சொல்லுங்கோ அண்ணை. எப்பிடியும் போன் வரும் வரைக்கும் நிக்கத்தானே வேணும்."

அவன் சொன்னான். வாய் அவளுக்குச் சொல்ல, கண் மணிக்கூட்டில் இருந்தது. சொல்லச் சொல்ல மணிக்கூடும் மறந்துபோனது.

1990. ஐந்து பேரை மட்ரிட் வரைக்கும் கொண்டுவந்த ஏஜென்ற், பிரான்சுக்கு ஏற்றுகிறேன் என்று ஒலார்பேயில் இறக்கிவிட்டு மாயமானான். மரம் வெட்டுகிற கூட்டத்துக்குப் பாச்சி அப்போது மேஸ்திரி. பேப்பர் கேட்கவில்லை. இராஜேந்திரன் என்ற பெயர் வாயில் வராமல் ராக்கா என்று கூப்பிட்டார். கோடரியை நீட்டினார். மலைமேல் பலகைக் கொட்டில். ஈர மரத்தூள் வாசம் உடுப்பில் ஏறினால் மூன்று தோய்ச்சலுக்கும் போகாது. ஒக்ரோபரில் பீச் இலை முழுக்கச் செம்பாகி உதிரும். காலடியில் முழங்கால் வரைக்கும். அதற்குள் ஓடினால் கடலுக்குள் ஓடுகிற மாதிரிச் சத்தம்.

"ஏன் ஓடினனீங்கள்?"

"பாணுக்கு. ஊர் ஆறு கிலோமீற்றர் கீழை. ஒவ்வொரு நாளும் பதினொரு றாத்தல் பாண் முதுகிலை கட்டிக்கொண்டு ஏறவேணும். பாச்சி கையிலை மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு வாசலிலை நிப்பான். ஏறி முடிக்க முதல் நாள் எழுபத்தொரு நிமிசம். கடைசி மாசம் நாப்பத்தொன்பது."

அவன் முகத்தில் கனகாம்பிகை இதுவரை காணாத ஒரு பையன் எட்டிப் பார்த்தான். இருபத்துநான்கு வயது. வயிறில்லை. ஷிப்ட் இல்லை. நாளைக்கு என்ன என்று தெரியாமல், தெரியாததைப் பற்றிக் கவலையும் இல்லாமல், செம்பு இலைகளுக்குள் பாணோடு ஓடுகிறவன்.

"நகரத்தின்ரை தெற்குப் பக்கம், ஸ்ட்ரெதத்திலை நல்ல வீடு வந்தது. காத்துச் சரியில்லை எண்டு வேண்டாம் எண்டனீங்கள்," என்றாள்.

"எப்பிங் காடு இங்கை கிட்ட. அங்கை பீச் மரம் நிக்குது."

அவள் தேநீரை மேசையில் வைத்தாள். "ஒரு மரத்துக்காக என்னை இந்த வால்தம்ஸ்டோவுக்குள்ளை வைச்சிருக்கிறியள்." குரலில் கோபம் இருந்தது. ஆனால் கோபம் மட்டும் இருக்கவில்லை.

மெற்றில்டா தாளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "அண்ணை, இடப்பக்கம் கிடங்கு எண்டால், இடையர் ஏன் அந்தப் பக்கம் பொட்டு வைச்சவை?"

"தாளிலை அப்பிடித்தான் கிடக்கு."

"தாளை விடுங்கோ. நீங்கள் அங்கை நிண்ட ஆள்தானே. அந்தப் பொட்டு அப்பவும் இருந்ததோ?"

இராஜேந்திரன் மணிக்கூட்டைப் பார்த்தான். எட்டு இருபது. பாறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. ஆள் கிடைத்திருந்தாலும், விடுதிக்குத் திரும்பி வந்துதான் போன் எடுக்க முடியும்.

"இருந்தது," என்றான்.

"ஆர் வைச்சது?"

"போன் வரட்டும்."

எட்டரை. ஒரு கிழவர் பத்திரிகை வாங்கிக்கொண்டு போனார். எட்டு நாற்பது. கனகாம்பிகை கல்லாப்பெட்டியை விட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கவில்லை. தோள் மட்டும் பட்டது. எட்டு நாற்பத்தெட்டு.

மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ராஜேந்திரன், என்னய்யா நடக்குது?" சேஷாத்ரி கத்தினான். "பனியில ஓடிக்கிட்டிருக்கேன். பின்னாடி ஒரு ஜீப் ஹார்ன் சத்தம், அப்புறம் ஒருத்தர் ஏதோ பாஷையில கத்திக்கிட்டு ஓடி வர்றாரு. கொள்ளைக்காரன்னு நெனச்சு இன்னும் வேகமா ஓடினேன்."

"எங்கை பிடிச்சவர்?"

"பாறையைத் தாண்டி. மூணு பொட்டு தாண்டிட்டேன். டீ-ஷர்ட்டைப் பிடிச்சு இழுத்தாரு, கிழிஞ்சே போச்சு. அப்புறம் ஒரு கல்லை எடுத்து எனக்கு முன்னாடி வீசினாரு. விழற சத்தம் வர்றதுக்குள்ள நான் மூணு எண்ணிட்டேன்."

இராஜேந்திரன் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தான். கனகாம்பிகை ரிசீவருக்குக் காதைக் கொடுத்துக் குனிந்தாள்.

"இப்ப என் எதிர்ல சூப் வெச்சுட்டு உட்கார்ந்திருக்காரு. உங்க பேரைச் சொல்லிச் சொல்லி அழறாரு. நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

"ஓம்."

"நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே. சரி, அதை அப்புறம் வெச்சுக்கறேன். மொதல்ல அந்தப் பொட்டு வெச்சவனைப் பிடிக்கணும். இடையனாம். எந்த இடையன் ஆட்டை அந்தக் குழிக்கு ஓட்டுவான்?"

பேசாமல் விட்டிருக்கலாம். சேஷாத்ரி உயிரோடு சூப் குடிக்கிறான். இடையர்களின் தலையில் பழி கிடந்தால் யாருக்கு நட்டம். பக்கத்தில் மனைவியின் மூச்சு கேட்டது. பதினைந்து வருடக் கேஸை ஒரு காலையில் கிழித்தவள் அவள். மிச்சத்தையும் அவளுக்குக் கேட்கச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"இடையர் இல்லை, சேஷா. எங்களுக்குப் பிறகும் பெடியள் வந்துகொண்டே இருந்தவங்கள். ஏஜென்றுக்குக் குடுக்க ஒண்டும் இல்லாதவங்கள். அவங்கள் தனியப் பிரான்ஸ் பக்கம் போய்ச் சேரட்டும் எண்டு, வெட்டுற மரத்துக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்ராலை வைச்சது. பாறை வரைக்கும் எல்லாம் உண்மை."

"இடப்பக்கம்?"

"அங்கை வைச்ச நாலு பொட்டும் பொய். எல்லைப் பொலிஸ் பொட்டைப் பாத்துப் பின்னாலை வந்தால் அந்தப் பக்கம் போகட்டும் எண்டு. பகலிலை விளிம்பு தெரியும், திரும்பிவிடுவாங்கள் எண்டு நினைச்சது. பனியை நினைக்கேல்லை. எங்கட ஆக்களுக்குப் போனிலை சொல்லிவிடுறது, மஞ்சளை நம்பிப் பாறை வரைக்கும் வா, அங்கை மஞ்சள் இல்லாத பக்கம் திரும்பு எண்டு."

மறுமுனையில் கரண்டி ஒன்று கோப்பையில் தட்டியது.

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றான் இராஜேந்திரன். "தூரிகை என்ரை கையிலைதான் இருந்தது."