தலைப்பிடிக்குள் ஒரு கேள்வி

"எங்க பஸ்ஸுல மட்டும் ஏறிடாதீங்க" என்று ஷின்செய் கம்பெனியின் பயண ஏற்பாட்டாளர் இகுசா முதல் நாளே சொல்லிவிட்டார். "நீங்க எதிரி. எங்க பசங்களோட உக்காந்து நீங்க நூடுல்ஸ் உறிஞ்சுறத ஒரே ஒரு ரசிகன் பாத்தா போதும். மறுநாள் டிக்கெட் கவுன்ட்டர்ல ஈ ஓட்ட வேண்டியதுதான்."

நிரசாவா தலையாட்டினான். தைஹோ மல்யுத்தக் கம்பெனியிலிருந்து ஷின்செய்க்கு ஊர் ஊராகப் போய்ச் சண்டை போடும் ஒரு பயணத்துக்கு மட்டும் இரவல் கொடுக்கப்பட்ட ஆள் அவன். அவர்கள் பஸ்ஸில் போனார்கள், இவன் ரயிலில் போனான். பனி கொட்டும் அந்தக் கடலோர ஊர்களில் ஸ்டேஷன் கடையில் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, அறைச் சுவரைப் பார்த்தபடி தின்றுவிட்டுப் படுப்பான். ஒரு நாளில் அவன் வாயிலிருந்து வரும் பேச்சே கடைக்காரரிடம் சொல்லும் நன்றிதான்.

இரண்டு கம்பெனிக்கும் ஏழாம் பொருத்தம். தைஹோவில் ஆட்கள் மலை மாதிரி இருப்பார்கள், நிதானமாக மோதுவார்கள், உயிர் போகிற வலியிலும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஷின்செய்க்காரர்கள் அங்கிருந்து பிரிந்து போனவர்கள். உதையும் கைகாலை முறுக்கும் பூட்டுமாக ஆடிவிட்டு, எங்களுடையதுதான் நிஜச் சண்டை என்று நெஞ்சைத் தட்டுவார்கள். நிஜமாவது, மண்ணாங்கட்டியாவது! யார் யாரிடம் தோற்பது என்பதை இரு பக்கமும் முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் வழக்கம். அந்தப் பேச்சில்தான் இரண்டு முதலாளிகளும் மாதக்கணக்கில் நிஜமாக மல்லுக்கு நின்றார்கள். தன் நட்சத்திரம் அடுத்தவனிடம் தோற்க எவன் சம்மதிப்பான்? கடைசியில், தோற்றாலும் கம்பெனி மானம் போகாத ஓர் ஆள் தேவைப்பட்டான். நிரசாவாவை அனுப்பினார்கள்.

அவன் மறுபேச்சில்லாமல் வந்தது தோகாஷிக்காக. இருவரும் தைஹோ பயிற்சிக்கூடத்தில் ஒரே மாதம் சேர்ந்து, ஒரே அறையில் ஆறு வருஷம் படுத்து எழுந்தவர்கள். மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்து, எல்லாருக்கும் பெரிய சட்டியில் கோழி வேகவைத்து, அடியையும் பாதிப்பாதியாக வாங்கிக்கொண்டவர்கள். கம்பெனி பிளந்த அன்று நிரசாவா முட்டைக்கோசு வாங்கிவிட்டுத் திரும்பினால், தோகாஷியின் மெத்தை மடித்து வைத்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி. அதற்குப் பிறகு அந்த அறைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். எவனோடும் நிரசாவாவுக்கு ஒட்டவில்லை. ஏன்டா என்னிடம் சொல்லாமல் போனாய் என்று அவனை ஒரு முறை கேட்டுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பயணம் முழுக்க தோகாஷி கண்ணில் பட்டான், கைக்கு எட்டவில்லை. அவன் இப்போது ஷின்செய்யின் பெரிய நட்சத்திரம். கடைசி ஊரான சகாத்தா அவன் பிறந்த ஊர். அங்கே கடைசிச் சண்டை இவர்கள் இருவருக்கும். அதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

பகைக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வாய்விட்டுப் பேசிக்கொள்ள உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது தலைப்பிடி. ஒருவன் தலையை மற்றவன் கக்கத்தில் இறுக்கும்போது வாயும் காதும் நெருங்கிவிடும். அடுத்த வித்தை என்ன என்று அதற்குள் முணுமுணுத்துக்கொள்வார்கள்.

"டேய் தைஹோக்காரா, பொட்டியக் கட்டுடா!" என்று சகாத்தாவில் கூட்டம் கத்தியது. தோகாஷி பிடியைப் போட்டான்.

"தூக்கிப் போடப் போறேன். ரெடியா?"

"இருடா. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஏன்டா எங்கிட்ட சொல்லாம போன?"

"இத இப்பவா கேப்ப?"

"வேற எப்பக் கேப்பேன்? உங்க பஸ்ஸுலயா?"

தோகாஷி பிடியை இன்னும் இறுக்கினான். "உன்னையும் கூட்டிட்டு வரேன்னுதான்டா சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"பிரிஞ்சு வந்தவங்க எல்லாரும்தான். தோக்குறதுக்கு ஆளு எங்க வேணா கெடைக்கும், அவன் எதுக்குன்னாங்க. அத எந்த வாயால உங்கிட்ட சொல்லுவேன்? என்னைத் துரோகின்னு திட்டிக்கிட்டாவது நீ நல்லா இருப்பேன்னு விட்டுட்டேன்."

இத்தனை வருஷமும் தன்னை வேண்டாம் என்று போனவன் ஒருவன்தான் என்று நிரசாவா நினைத்திருந்தான். அந்த ஒருவன்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். மற்ற அத்தனை பேருக்கும் இவன் வேண்டாதவன். எந்த வலிக்கும் சுளிக்காத தைஹோ முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"டேய், அழுறியா?"

"விட்டுராதடா. மூஞ்சி தெரிஞ்சிரும்."

"விடல."

தோகாஷி டிவி கேமராவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, அந்தத் தலையைத் தன் விலாவோடு அணைத்துப் பிடித்தான். நேரம் போயிற்று. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தோகாஷி, தூங்கிட்டியா?"

"இதப் பாக்கவா பனியில நடந்து வந்தோம்?"

கத்தியவர்களில் முன்வரிசையில் இருந்த அவனுடைய பள்ளிக்கூடத்துத் தோழர்களும் உண்டு. யாரோ எறிந்த ஆரஞ்சுத் தோல் தோகாஷியின் கழுத்தில் பட்டு விழுந்தது. சொந்த ஊரில் அவன் மேல் ஒரு பொருள் விழுந்தது அதுதான் முதல் தடவை. நடுவர் மண்டியிட்டுக் குனிந்தார்.

"போதும்யா, அடுத்ததுக்குப் போங்க. டிவியில ஓடுது."

"ஓடட்டும்" என்றான் தோகாஷி.

"உன் ஊர்க்காரங்க திட்டுறாங்கடா" என்றான் நிரசாவா, மூக்கடைத்த குரலில்.

"திட்டட்டும். நீ அழுது முடி."

கூட்டம் காலைத் தரையில் உதைத்து ஊளையிட்டது. தோகாஷி அசையவில்லை. கக்கத்துக்குள் கேவல் மெல்ல அடங்கும்வரை அப்படியே நின்றான்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"போடட்டுமா?"

"போடு."

தூக்கிப் போட்டு, மேலே விழுந்து அழுத்தினான். நடுவர் மூன்று எண்ணினார். கூட்டம் எல்லாவற்றையும் மறந்து ஆர்ப்பரித்தது. தோகாஷி வழக்கப்படி கீழே கிடந்தவனை ஓர் உதை உதைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். அப்படித்தான் போக வேண்டும். தோற்றவனைத் தோள் கொடுத்துக் கூட்டிப்போக அவன் பக்கத்து ஆட்கள் வருவார்கள். நிரசாவாவுக்கு அங்கே பக்கம் என்று ஒன்று இல்லை. அவன் கயிற்றைப் பிடித்துத் தானே எழுந்து, வசவுகளுக்கு நடுவே நடந்து போனான்.