உள்ளிருந்து திறக்காத கதவு

அந்த வேன் பட்டறைக்குள் வந்தபோது பின்சீட்டுக்கடியில் ஒரு பெண்ணின் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது. ஒருத்தரும் அதை எடுத்துப் போட்டிருக்கவில்லை. ஓட்டி வந்தவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, மழை வந்தால் லைட்டும் போகிறது, லாக்கும் தானாக விழுகிறது, புது பி.சி.எம். போட்டு அனுப்பச் சொன்னார் டிராவல்ஸ் ஓனர் என்றான். போகும்போது என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். நான் டிரைவர் சின்னப்பாவின் மகள் என்று அவனுக்குத் தெரியும். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

பி.சி.எம். ஒரு கறுப்புப் பெட்டி. டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவரின் கால் பக்கம் ஒளிந்திருக்கும். விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு, கண்ணாடி எல்லாம் அது சொன்னால்தான் நடக்கும். அதற்குக் கிறுக்குப் பிடித்தால் வண்டிக்கே கிறுக்குப் பிடிக்கும்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் பி.ஈ. ஏழைத் தமிழர்கள் நெருங்கி வாழும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில், எங்கள் சொந்தத்தில், முதல் பட்டம். கேம்பஸில் கிடைத்த வேலையை, மார்க்கெட் சரியில்லை என்று ஒரு ஈமெயிலில் பிடுங்கிக்கொண்டார்கள். அது 2009. சர்வீசுக்கு வண்டி விட வந்துபோன பழக்கத்தில், அப்பா பட்டறை மேனேஜர் அஷ்வத் முன்னால் கைகட்டி நின்று கேட்டு வாங்கித் தந்தது இந்த ஓசூர் ரோடு வேலை. அவர் நின்ற விதம் எனக்கு இன்னும் எரிகிறது.

அப்பா ஓட்டியது இதே வேன்தான். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி. பின்கதவுகளில் எப்போதும் சைல்டு லாக் போட்டிருக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. உள்ளே இருக்கிறவர் கைப்பிடியை இழுத்தால் திறக்காது, டிரைவர் இறங்கி வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்காம்.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், தொம்மலூரில் அனன்யா என்ற பெண்ணை முதல் ஆளாக ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பியிருக்கிறார். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் முன்விளக்கு அணைந்தது, வைப்பர் நின்றது, உள்விளக்கும் போயிற்று. பின்னால் லாரிகள். ஓரம் கட்டி, இறங்கி ஓடி, பின்கதவைத் திறக்கப் பார்த்தார். லாக் விழுந்திருந்தது. சாவி போட்டுத் திருப்பினார். எழும்பிய லாக் மறுபடி விழுந்தது. இருட்டு வண்டியில் லாரி மோதினால் பெண் போய்விடுமே என்று டிரைவர் கதவு வழியாக ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் நுழைந்து, முன்பக்கமாக இழுத்துவிடக் கையை நீட்டினார்.

அவள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? இருட்டில் பூட்டிய வண்டி. நனைந்த ஆண் ஒருத்தன் சீட்டைத் தாண்டி வருகிறான், கை நீட்டுகிறான், வாம்மா வாம்மா என்கிறான். கத்தினாள். உதைத்தாள், ஒரு செருப்பு கழன்று விழுந்தது. கூட்டம் சேர்ந்து கண்ணாடியை உடைத்தது. அவளை வெளியே எடுத்தார்கள். அப்பாவையும் எடுத்தார்கள், வேறு மாதிரி. கீழ்த்தாடையில் இரண்டு பல் போயிற்று.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய்ந்த வண்டியின் கதவுகள் ஒழுங்காகத் திறந்தன, ஒழுங்காக மூடின. லாக்கே கெடவில்லை, ஆள்தான் கெட்டவன் என்று முடிவாயிற்று. அந்தப் பெண் புகார் எழுதிக் கொடுக்க வராததால் அப்பாவை வீட்டுக்கு விட்டார்கள். அடுத்த மழையில் வேறு டிரைவரிடமும் வண்டி அதையே செய்தது. ஓனர் வாயைத் திறக்கவில்லை. டிரைவரை மாற்றியாயிற்று என்று கம்பெனியைச் சமாதானப்படுத்திய பிறகு, வண்டிதான் கோளாறு என்று சொன்னால் அவருடைய மொத்த வண்டிகளும் கம்பெனியை விட்டு வெளியே போகும். பெட்டியை மாற்று, பழசைத் தூக்கிப் போடு, பேச்சை விடு.

டேஷ்போர்டின் கீழ்மூடியைக் கழற்றினேன். பெட்டியின் பின்கள் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தன. அதன்மேல் குங்குமம் கலந்த தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம். ஒயர் இடுக்கில் ஒரு சாமந்தி இதழ். அதைப் பார்க்கும்வரை அப்பாமேல் தப்பில்லை என்று எனக்கே நிச்சயமில்லை. பெற்ற மகள், எனக்கே.

ஆயுத பூஜையன்று எங்கள் ஆட்கள் வண்டிக்கு வெளியில் மட்டும் தண்ணீர் விடுவதில்லை. சீட்டு, டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் போர்வெல் பைப்பைத் திருப்பி, வருஷ அழுக்கெல்லாம் போகக் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். லாரி காலத்துப் பழக்கம். லாரிக்குள் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. இதற்குள் ஊற்றினால் மூளையில் ஊற்றியதுபோல.

அன்று வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தண்ணி ஊத்தினேன்னு எங்கயும் சொல்லாத ரூபி."

"உன்னைப் பொம்பளைப் பொறுக்கிங்கிறானுங்கப்பா."

"அது நாலு மாசத்துல மறந்துடுவானுங்க. வண்டியக் கெடுத்தவன்னு பேர் வந்தா எவனும் சாவி குடுக்க மாட்டான்."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் அந்தக் கூட்டத்தின்மேல்கூட வந்ததில்லை. அப்பா ஸ்டேஷனிலிருந்து வந்த வாரம் முழுக்க அம்மா குழாயடிக்கே போகவில்லை. நாலு மாதமாம்.

வண்டிக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் உண்டு, பெண்கள் புகார் சொல்லக் கம்பெனி டிரான்ஸ்போர்ட் மேனேஜரின் நம்பர் போட்டு. நான் பெண்தானே. கூப்பிட்டேன். மறுநாள் மத்தியானம் அந்த மேனேஜர் பத்ரிநாத் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. தமிழா என்று சந்தோஷப்பட்டு, பெங்களூரில் எங்கே என்று கேட்டார். ஸ்ரீராம்புரம் என்றேன். சந்தோஷம் அங்கேயே நின்றது. அஷ்வத் என்னை ஓரமாக இழுத்து, "சும்னே இரு ரூபினி, பேசாத, வேலை போயிடும்" என்றார். போகட்டும் என்றேன்.

பழைய பெட்டியை இன்னும் கழற்றவில்லை. பத்ரிநாத்தைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை டேஷ்போர்டு இடுக்கில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு பட்டென்று லாக் விழுந்தது. உள்விளக்கு அணைந்தது.

நான் சுற்றிப் போய் வெளியிலிருந்து சாவி போட்டேன். எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. உள்ளே அவர் கைப்பிடியை இழுக்கும் சத்தம், பிறகு கண்ணாடியைத் தட்டும் சத்தம். டிரைவர் கதவு வழியாக ஏறினேன். சீட்டுகளுக்கு நடுவில் நுழைந்து, ஈரக்கையை நீட்டினேன்.

"வாங்க சார், வாங்க."

அவர் பின்னுக்கு ஒடுங்கினார். ஷூ போட்ட கால் மேலே எழுந்தது. என் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"இப்படித்தான் சார் எங்கப்பா போனாரு" என்றேன்.

ஷட்டரை ஏற்றினோம். அவர் முன்பக்கமாக இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, டெக்னிக்கல் ஃபால்ட், ஒத்துக்கறேன் என்றார். பிறகு கேட்டார், உள்ளே தண்ணீர் எப்படி வந்தது? நான் பொய் சொல்லியிருக்கலாம். மழை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இதழும் குங்குமமும் அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன. சொன்னேன்.

அப்படியானால் அலட்சியம், அலட்சியமான டிரைவரைத் திரும்ப எடுப்பதற்கில்லை என்றார். அந்தப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"அவ வேலைய விட்டுட்டுப் போயிட்டாம்மா. இனிமே அதையெல்லாம் கிளறப்படாது, பாவம்."

பாவம் என்றால் சொல்ல வேண்டாமா? இனி ஆயுசுக்கும் அவள் எந்த வண்டியில் ஏறினாலும் அந்தக் கை நீளும். அது காப்பாற்ற நீண்ட கை என்று அவளுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அவள் நம்பரைக் கேட்டேன். கொடுக்கவில்லை.

புதுப் பெட்டியை மாட்டினேன். லேப்டாப்பை இணைத்து, வண்டிக்கும் சாவிக்கும் அதை அறிமுகப்படுத்தினேன். விளக்கு எரிந்தது. லாக் சொன்னபடி கேட்டது. எல்லாம் உத்தமமாக இருந்தது.

சாயங்காலம் வண்டியை எடுக்கப் புது டிரைவர் முனியப்பன் வந்தான். ஸ்டியரிங்கில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டே, முன்னாடி இருந்த ஆள் வண்டிக்குள்ளே தண்ணீர் விட்டுக் கெடுத்துவிட்டானாமே, அவனை இனி எந்த டிராவல்ஸிலும் சேர்க்க மாட்டார்களாம் என்றான். மத்தியானம் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றிவிட்டது. வேறு எதுவும் சொன்னார்களா என்று கேட்டேன்.

"ஏதோ பொண்ணு கேஸுன்னாங்க மேடம். அதெல்லாம் யாருக்குத்தான் வரலை."

அப்பா சொன்னது சரி. அது சரியாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் எலுமிச்சம்பழத்துக்கு முடிச்சுப் போடுவதற்குள் பின்கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கதவின் விளிம்பில் விரல்நுனி அளவுக்கு ஒரு நெம்பு. அதைக் கீழே தள்ளினால் சைல்டு லாக் போய்விடும். தள்ளினேன். மறுபடி ஏற்ற முடியாதபடி ஸ்க்ரூடிரைவரால் அதன் தலையை உடைத்து எடுத்தேன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி, கைப்பிடியை இழுத்தேன்.

திறந்தது.

செருப்பு இன்னும் சீட்டுக்கடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். முனியப்பனிடம் சாவியைக் கொடுத்தேன்.