பிரியாணிக் கடையில் நீலப் புள்ளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

சிங்கப்பூரில், கிளமெண்டியில் இருக்கும் மகள் ஜரீனா, தன் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு அத்தா நூர்தீன் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிடுவாள். வரைபடத்தில் அவருடைய நீலப் புள்ளி பிரியாணிக் கடையில் நின்றால் உடனே அழைப்பு வரும்.

"அத்தா, சுகரை வச்சுக்கிட்டு அங்க என்ன வேலை?"

ஆறு மாதமாக அந்தத் திட்டு வரவில்லை. பழைய போன், ஜிபிஎஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிய நூர்தீன், ஃபேரர் பார்க்கில் போன் பழுதுபார்க்கும் ஷங்கரிடம் போனார்.

"பேட்டரி மிச்சம் புடிக்கிற மோட்ல கிடந்துச்சு அங்கிள், மாத்திட்டேன். வெளிய போய் போனைக் காத்துல எட்டு மாதிரி சுத்துங்க, சரியாயிடும் லா."

நூர்தீன் சாலையோரம் எட்டுப் போட்ட வேகத்தில், தங்களைத்தான் கைகாட்டுகிறார் என்று மூன்று பேருந்துகள் நின்றுவிட்டன. வரைபடத்தைத் திறந்தார். புள்ளி அவர் செருப்பின் மேலேயே நின்றது.

நேராகப் பிரியாணிக் கடைக்குப் போய், போனைத் தட்டருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தட்டு முடிந்தது. அழைப்பு இல்லை. நான்காவது தட்டில் கடைக்காரரே பயந்துபோய், "போதும் பாய்" என்றார்.

"நீ ஏன்யா திட்டுற? திட்ட வேண்டியவ இருக்கா" என்று ஐந்தாவதைக் கேட்டார் நூர்தீன்.

போன நோன்பு மாதத்திலேயே ஜரீனா அந்தச் செயலியைத் தன் போனிலிருந்து நீக்கிவிட்டாள்.